கெர்னல் மறுத்த பிறகு

(பொது அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வியோடு தொடங்கிவிடுகிறேன். லினக்ஸ் கணினி ஒன்றில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்குகிறோம். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை, அளவு 0 பைட். அதற்கு இயக்க அனுமதி கொடுக்கிறோம். டெர்மினலில் அதன் பெயரைத் தட்டி என்டரை அழுத்துகிறோம். என்ன நடக்கும்?

பிழைச் செய்தி வரும் என்று முன்வரிசையில் சிலர் சொல்வது கேட்கிறது. வராது. கோப்பு ஓடும். ஓடி முடித்து, வெற்றி என்று பொருள்படும் 0 என்ற முடிவு எண்ணையும் தந்துவிட்டுப் போகும். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'ட்ரூ' என்றொரு கட்டளை இருந்தது. எப்போது கூப்பிட்டாலும் 'வெற்றி' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அந்தக் கட்டளையின் கோப்பு முழுக் காலி. ஒன்றுமே எழுதாமல் எழுதப்பட்ட நிரல் அது. பிற்கால வெளியீடுகளில் ஏடி அண்ட் டி நிறுவனம் அந்தக் கோப்புக்குள் தன் காப்புரிமை அறிவிப்பைச் சேர்த்தது. அறிவிப்பு வரிகளைத் தவிர அதில் வேறு சரக்கு கிடையாது. வெறுமைக்குக் காப்புரிமை கோரிய நிறுவனம் என்று நிரலாளர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

காலிக் கோப்பில் இயக்குவதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அதைத்தான் சொல்கிறது, 'இதை என்னால் இயக்க முடியாது' என்று. ஆனால் நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல் அந்தப் பதிலை முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. கெர்னல் கைவிரித்த இடத்தில் ஷெல் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, அதனால் நமக்கு என்ன லாபம், என்ன தொல்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கெர்னல் தரப்பு. நாம் ஒரு கட்டளையைத் தட்டியதும் ஷெல் தன்னைப் போலவே ஒரு பிரதியை உண்டாக்குகிறது. அதற்கு ஃபோர்க் என்று பெயர். அந்தப் பிரதி, 'என் இடத்தில் இந்தக் கோப்பை ஏற்றிவிடு' என்று கெர்னலிடம் கேட்கிறது. இது எக்ஸெக். கெர்னல் கோப்பின் பெயரையோ, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நீட்டிப்பையோ பார்ப்பதில்லை. இயக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு கோப்பின் தொடக்கத்தில் உள்ள சில பைட்களைப் படித்து, தனக்குத் தெரிந்த வடிவமா என்று பார்க்கும். இந்தத் தொடக்க அடையாளத்துக்கு மேஜிக் நம்பர் என்று பெயர்.

பிடிபி-11 கணினிகளின் காலத்து யூனிக்ஸில் அந்த எண் எட்டடிமான முறையில் 0407. அந்த எண் சும்மா பொறுக்கி எடுத்ததல்ல. பிடிபி-11 இயந்திர மொழியில் 0407 என்பதே ஒரு கட்டளை. '16 பைட் நீளமுள்ள இந்தத் தலைப்பைத் தாண்டிக் குதி' என்று பொருள். அடையாள அட்டையே நடக்கவும் தெரிந்து வைத்திருந்தது. இன்றைய லினக்ஸில் 7எஃப் என்ற பைட்டும், அதையடுத்து 'ஈ', 'எல்', 'எஃப்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அந்த இடத்தில் இருக்கின்றன. அப்படி எந்த அடையாளமும் பொருந்தாவிட்டால் கெர்னல் தரும் பிழைக்கு ஈநோஎக்ஸெக் என்று பெயர். பிழை எண் 8. திரையில் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று நாம் பார்ப்பது இதைத்தான்.

இயங்க மறுக்கும் கோப்புகள் எல்லாம் ஒரே காரணத்தால் மறுப்பதில்லை. தேடிய இடத்தில் கோப்பே இல்லையென்றால் ஷெல் தரும் முடிவு எண் 127. கோப்பு இருக்கிறது, ஆனால் இயக்க முடியவில்லை என்றால் 126. அனுமதி இல்லாத கோப்பு, பெயரைத் தட்டியபோது டைரக்டரியாக அமைந்துவிட்டது, இவை எல்லாம் இந்த 126-க்குள் அடங்கும். இயக்க அனுமதி பிட் ஒன்றுகூட இல்லாத கோப்பை ரூட் பயனராலும் நேரடியாக இயக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். இந்த வகை மறுப்புகளில் ஷெல் எதிர்த்து வாதாடுவதில்லை. செய்தியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். பிழை எண் 8 வரும்போது மட்டும்தான் அது வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

அது சொல்வது இவ்வளவுதான்: 'அனுமதி இருக்கிறது, ஆனால் கெர்னலுக்கு வடிவம் புரியவில்லை. அப்படியானால் இது என் மொழியில் எழுதிய கட்டளைத் தொகுப்பாக இருக்கலாம். நானே படித்துப் பார்க்கிறேன்.'

கென் தாம்சன் எழுதிய பழைய ஷெல்லிலேயே இந்தப் பழக்கம் உண்டு. 1975-ன் ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் மூலநிரலை எடுத்துப் பாருங்கள். எக்ஸெக் தோற்று, காரணம் ஈநோஎக்ஸெக் என்றால், அந்தக் கோப்பின் பெயரைக் கையில் கொடுத்து இன்னொரு ஷெல்லைக் கூப்பிடும் வரிகள் இருக்கும். அந்த ஷெல்லையும் கூப்பிட முடியாமல் போனால் 'நோ ஷெல்!' என்று ஆச்சரியக்குறியோடு ஒரு செய்தி. அந்தச் செய்தியைத் தன் வாழ்நாளில் திரையில் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஆவல்.

இந்தச் சில வரிகளின் விளைவு பெரிது. நீங்கள் நாலு கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி அனுமதி கொடுத்துவிட்டால், அதுவும் கணினியோடு வந்த கட்டளைகளுக்குச் சமமான கட்டளை ஆகிவிடுகிறது. கூப்பிடுகிறவருக்கு அது சி மொழியில் எழுதி கம்பைல் செய்ததா, சாதாரண எழுத்துக் கோப்பா என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. முதலில் ஸ்கிரிப்டாக எழுதி, வேகம் போதவில்லை என்றால் பிறகு அதே பெயரில் சி நிரலாக மாற்றி வைக்கலாம். கூப்பிடுகிற எவரும் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். பயனரும் நிரலாளரும் ஒரே ஆள் என்ற யூனிக்ஸின் மனப்பான்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீபன் போர்ன் எழுதி ஏழாம் பதிப்போடு வந்த ஷெல் இதை இன்னும் சிக்கனமாகச் செய்தது. புதிதாக இன்னொரு ஷெல்லைக் கூப்பிடாமல், ஏற்கெனவே பிரதியாக நிற்கும் அந்தப் பிள்ளை ஷெல்லே தன் நிலையைத் துடைத்துக்கொண்டு கோப்பைப் படிக்கத் தொடங்கிவிடும்.

சிக்கல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது. பில் ஜாய் அங்கே சி ஷெல்லை எழுதினார். இப்போது ஊரில் இரண்டு ஷெல்கள், இரண்டு மொழிகள். கெர்னல் மறுத்த எழுத்துக் கோப்பு எந்த மொழியில் இருக்கிறது? சி ஷெல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. கோப்பின் முதல் எழுத்து ஹாஷ் குறியாக இருந்தால் அது சி ஷெல் ஸ்கிரிப்ட், இல்லாவிட்டால் பழைய ஷெல்லுக்கு உரியது. இது ஏன் வேலை செய்தது என்றால், அன்றைய போர்ன் ஷெல்லில் ஹாஷ் குறியால் குறிப்பு எழுதும் வழக்கமே இல்லை. முக்காற்புள்ளியை வைத்துத்தான் எழுதுவார்கள். பழைய ஸ்கிரிப்டுகள் தனியான ஒரு முக்காற்புள்ளியோடு தொடங்குவதைப் பார்த்து யாராவது குழம்பியிருந்தால், காரணம் இதுதான். முதல் எழுத்தைப் பார்த்து மொழியைக் கண்டுபிடிப்பது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மூன்றாவதாக ஒரு மொழி வந்தால் அந்தத் தந்திரம் அதோடு முடிந்தது.

1980 ஜனவரி 10 அன்று, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி ஒரு மடல் எழுதினார். கெர்னலிலேயே ஒரு மாற்றம் செய்திருப்பதாக அதில் அறிவித்தார். கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் #! என்று இருந்தால், அந்த வரியில் மிச்சமிருப்பது அந்தக் கோப்பைப் படிக்க வேண்டிய இன்டர்பிரட்டரின் பெயர். கெர்னலே அந்த இன்டர்பிரட்டரைக் கூப்பிட்டுக் கோப்பைக் கையில் கொடுத்துவிடும். ஏழாம் பதிப்பு வெளியாகி ஓராண்டு கழிந்த நிலை அது. பிறகு பெர்க்லியின் பிஎஸ்டி வெளியீடுகள் வழியாக இந்த வசதி உலகம் முழுக்கப் பரவியது.

ரிட்சி சொன்ன காரணங்கள் கவனிக்க வேண்டியவை. ஷெல் ஸ்கிரிப்ட் இனி உண்மையான இயக்கக் கோப்பு ஆகிவிடும், ஷெல் மட்டுமல்ல, எந்த நிரலும் அதை நேராக எக்ஸெக் செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலில் வெறுமனே ஷெல்லின் பெயர் தெரியாமல் ஸ்கிரிப்டின் பெயர் தெரியும். வேறு ஷெல்களை வைத்துக்கொள்வதும் எளிதாகும். கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்தோடு இயங்கும் செட்யூஐடி வசதியும் ஸ்கிரிப்டுகளுக்குக் கிடைக்கும் என்றார். இந்தக் கடைசிக் காரணம் மட்டும் காலத்தால் நிற்கவில்லை. கெர்னல் முதல் வரியைப் படிப்பதற்கும் இன்டர்பிரட்டர் கோப்பைத் திறப்பதற்கும் நடுவில் ஒரு கண இடைவெளி இருக்கிறது. அதற்குள் கோப்பை ஆள்மாற்றிவிட முடியும் என்று தெரிந்த பிறகு ஓட்டை அடைக்கப்பட்டது. லினக்ஸ் இன்று ஸ்கிரிப்டுகளின் செட்யூஐடி பிட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். கெர்னலுக்கே வழி தெரிந்துவிட்டது, இனி ஷெல் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் வரி இல்லாத பழைய ஸ்கிரிப்டுகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. எனவே பழைய பழக்கம் அப்படியே தொடர்ந்தது. போசிக்ஸ் தரநிர்ணயமும் அதை விதியாகவே எழுதி வைத்தது. ஈநோஎக்ஸெக் வந்தால் அந்தக் கோப்பை ஷெல் ஸ்கிரிப்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். கோப்பு எழுத்துக் கோப்பாக இல்லையென்றால் மட்டும் ஷெல் மறுத்து 126 தரலாம் என்றது அன்றைய விதி.

இந்த 'எழுத்துக் கோப்பாக இல்லையென்றால்' என்ற சொற்களுக்குள்தான் எல்லா வம்பும் இருக்கிறது. ஒரு கோப்பு எழுத்தா, பைனரியா என்று யார் சொல்வது? பேஷ் ஷெல் கோப்பின் தொடக்கத்தைக் கொஞ்சம் படித்து, முதல் வரிக்குள் பூஜ்ய பைட் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், 'கேனாட் எக்ஸிக்யூட் பைனரி ஃபைல்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. டேஷ் ஷெல் நெடுங்காலம் இந்தச் சோதனையைச் செய்ததில்லை. உபுண்டு 2006-லும் டெபியன் 2011-லும் டேஷைத் தங்கள் அடிப்படை ஷெல்லாக ஆக்கிக்கொண்டன, அதனால் இது பலரைத் தொட்ட விஷயம். ஏஆர்எம் சில்லுக்காகக் கம்பைல் செய்த நிரலை இன்டெல் கணினியில் டேஷிடம் கொடுத்தால், 'முதல் வரி: இஎல்எஃப்: நாட் ஃபவுண்ட்' என்று சொல்லும். புரிகிறதா? கோப்பின் மேஜிக் நம்பரையே ஒரு கட்டளையின் பெயர் என்று நினைத்து ஊரெல்லாம் தேடியிருக்கிறது. பிறகு அடைப்புக்குறி பொருந்தவில்லை என்று இலக்கணப் பிழையும் காட்டும். வேற்று மொழி ஓலையைத் தன் மொழி என்று நம்பி உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்ட ஆளைப் போன்றது இது. படிப்பதோடு நின்றால் பரவாயில்லை. இந்த ஆள் படித்ததைச் செய்கிறவர். அந்தக் குப்பை பைட்களுக்கு நடுவே '>' குறி வந்தால், அதற்கடுத்துள்ள எழுத்துகளைப் பெயராக வைத்துப் புதுக் கோப்பே உருவாகிவிடலாம்.

எழுத்துக் கோப்பாக இருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. பைத்தான் மாணவர்கள் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். முதல் வரியை எழுத மறந்து, 'இம்போர்ட் ஓஎஸ்' என்று தொடங்கும் பைத்தான் நிரலுக்கு அனுமதி கொடுத்து ஓட்டுகிறார்கள். கெர்னல் மறுக்கிறது. ஷெல் தன் மொழி என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணினியில் படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் இருந்தால், அதில் 'இம்போர்ட்' என்ற பெயரிலேயே ஒரு கட்டளை உண்டு. திரையைப் படமெடுப்பது அதன் வேலை. சுட்டியின் முனை திடீரென்று கூட்டல் குறியாக மாறிவிடும். குழம்பிப்போய் எங்காவது கிளிக் செய்தால், 'ஓஎஸ்' என்ற பெயரில் ஒரு திரைப்பிடிப்பு அந்த டைரக்டரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பைத்தான் வைரஸ் என்று பயந்தவர்களும் உண்டு. எவரும் தவறாக நடக்கவில்லை. கெர்னல் விதிப்படி மறுத்தது, ஷெல் விதிப்படி வாசித்தது, இமேஜ்மேஜிக் சொன்னதைச் செய்தது. எல்லாரும் விதிப்படி நடந்து வந்த விபரீதம் இது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஸ்கிரிப்டுக்குள் தமிழ்ச் செய்திகள் வைத்திருப்போம், கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிப்போம். விண்டோஸின் பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 கோப்புகளின் தலையில் பிஓஎம் எனப்படும் மூன்று பைட்களைச் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. எடிட்டரில் திறந்தால் முதல் வரி #! என்று அழகாகவே தொடங்கும். ஆனால் கெர்னலுக்கு முதல் இரண்டு பைட்கள் அவை அல்ல. பிழை எண் 8. பிறகு ஷெல் வந்து, முதல் வரியைப் புரியாத கட்டளை என்று திட்டிவிட்டு, மிச்ச வரிகளைத் தன் மொழியில் ஓட்டத் தொடங்கும். பேஷுக்கு என்று எழுதிய ஸ்கிரிப்ட் டேஷில் ஓடி, பாதி வழியில் ஏதோ ஓர் அடைப்புக்குறியில் விழும். பிழை காட்டும் இடம் வேறு, பிழை இருக்கும் இடம் வேறு. விண்டோஸின் வரிமுடிவுக் குறியால் வரும் சங்கடம் இதற்கு உறவுதான், ஆனால் அங்கே கெர்னல் #! ஐப் பார்த்துவிடுகிறது. இன்டர்பிரட்டரின் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ரிட்டர்ன் குறியால் அந்தப் பெயரில் எதுவும் கிடைப்பதில்லை. கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் காட்டி 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று செய்தி வரும்போது, இல்லாதது அந்தக் கோப்பல்ல, அது கேட்கும் இன்டர்பிரட்டர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பணியிடத்தில் தினமும் கேட்கும் புகாருக்கு வருகிறேன். 'என் டெர்மினலில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை.' ஊகிக்கும் பழக்கம் ஷெல்லுக்கு இருக்கிறது. சி நூலகத்தில் எக்ஸெக்விபி என்ற செயற்கூறுக்கும் இருக்கிறது. கெர்னலை நேராக அழைக்கும் எக்ஸெக்விஇ-க்கு இல்லை. ஆகவே முதல் வரி இல்லாத ஸ்கிரிப்டை நீங்கள் கையால் தட்டினால் ஓடும். அதையே பைத்தானின் சப்பிராசஸ் வழியாகக் கூப்பிட்டால் பிழை எண் 8. சிஸ்டம்டி சேவையாக வைத்தால் 203 என்ற எண்ணோடு சாகும். டாக்கர் கன்டெய்னரின் தொடக்க நிரலாக வைத்தால் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்'. கோப்பு மாறவில்லை, கூப்பிட்ட ஆள் மாறியிருக்கிறார்.

ஆப்பிள் 2020 நவம்பரில் ஏஆர்எம் வகையைச் சேர்ந்த எம்1 சில்லோடு மடிக்கணினிகளை வெளியிட்ட பிறகு இதே செய்தி வேறு காரணத்துக்காகவும் பரவலானது. ஏஆர்எம் கணினியில் உருவாக்கிய கன்டெய்னரை இன்டெல் சர்வரில் ஏற்றினால் கெர்னல் அதே சொற்களால்தான் மறுக்கும். செய்தி ஒன்று, நோய் இரண்டு. முதலில் கோப்பின் வகையைக் காட்டும் 'ஃபைல்' கட்டளையைப் போட்டுப் பாருங்கள். அரை நாள் மிச்சம். லினக்ஸில் 1997 முதல் இருக்கும் பின்எஃப்எம்டி மிஸ்க் என்ற வசதி, வேற்று வடிவங்களை எந்த நிரலிடம் ஒப்படைப்பது என்று கெர்னலுக்கே சொல்லிக்கொடுக்கிறது. வேற்றுச் சில்லுக்கான நிரலை கியூஎமு என்ற நிரல் வழியாக ஓட்டுவது அதனால்தான் முடிகிறது. அது தனிப் பேச்சுக்கு உரியது, இங்கே விட்டுவிடுகிறேன்.

ஷெல்லின் ஊகத்தைக் குறையாகவே பேசிவிட்டேன். அதை மூலதனமாக்கியவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 2020-ல் ஜஸ்டீன் டன்னி ஒரு விசித்திரமான கோப்பு வடிவத்தை வெளியிட்டார். அந்தக் கோப்பு 'எம்', 'இசட்' என்ற எழுத்துகளில் தொடங்குகிறது. டாஸ் காலத்திலிருந்து விண்டோஸ் நிரல்களின் அடையாளம் அது. மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. விண்டோஸ் அதைத் தன் நிரல் என்று ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் கெர்னல் மறுக்கும். மறுத்ததும் ஷெல் வாசிக்கும். ஷெல்லின் கண்ணுக்கு அந்தத் தொடக்க எழுத்துகள் ஒரு மாறிக்கு மதிப்பு கொடுக்கும் சாதாரண வரி. மேற்கோள் குறிக்குள் பைனரி பைட்களை மறைத்துவிட்டு, அதற்குப் பிறகு உண்மையான ஷெல் ஸ்கிரிப்ட் தொடங்குகிறது. ஒரே கோப்பு, மாற்றமின்றி, பல இயங்குதளங்களில் ஓடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பழைய சலுகையின் மேல் இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பலாம் என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் எல்லா ஷெல்களும் இதற்கு இணங்கவில்லை. பைனரி என்று சந்தேகித்து மறுத்தவையும் உண்டு. இசட் ஷெல் 2022-ல் வந்த 5.9 பதிப்பில் இறங்கி வந்தது. 2024-ன் போசிக்ஸ் பதிப்பும் பழைய சொற்களை மாற்றி, ஸ்கிரிப்டாக இருக்க வழியில்லை என்று தன் சோதனையில் தெரிந்தால் ஷெல் விலகிக்கொள்ளலாம் என்கிறது. எழுத்துக் கோப்பா என்ற பழைய கேள்விக்குத் துல்லியமான விடை கிடையாது என்பதைத் தரநிர்ணயக் குழு ஒப்புக்கொண்டதாகவே இதை எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், 1970-களில் அந்த ஊகம் அவசியமாக இருந்தது. அது இல்லாமல் ஸ்கிரிப்டுகள் கட்டளைகளின் வரிசையில் உட்கார்ந்திருக்க முடியாது. இன்று புதிதாக எழுதும் எந்தக் கோப்பும் அதை நம்பி இருக்கக் கூடாது. முதல் வரி எழுதுவதற்கு மூன்று நொடிகூட ஆகாது. நீளத்துக்கும் பஞ்சமில்லை. லினக்ஸில் நெடுங்காலம் 127 எழுத்தாக இருந்த எல்லை 2019-ல் 255 ஆக உயர்ந்துவிட்டது.

இங்கே வந்திருப்பவர்களில் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். நாளை அலுவலகம் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இயக்க அனுமதி உள்ள எழுத்துக் கோப்புகளில், முதல் இரண்டு பைட்கள் #! ஆக இல்லாதவை எவை என்று தேடி எடுங்கள். ஒவ்வொன்றும் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று எழுதியவரையே கேட்டு, அவர் வேலையை விட்டுப் போவதற்கு முன் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.